எபிசோடு 61: ஸ்டெம் செல் ஊசி போட்டால் தசை திரும்ப வளருமா?

இந்த வாரம் விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். ஆடியோவில் தடுமாறின இடங்களை எல்லாம் எடுத்துட்டு, வாசிக்க வசதியாகத் தொகுத்து இங்கே கொடுத்திருக்கேன்.

இந்த எபிசோடு ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் ஆரம்பிச்சது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி என் பெரியம்மா பொண்ணு, நான் அக்கான்னு கூப்பிடுறவங்க, ஒரு பிடிஎஃப் அனுப்பினாங்க. ஒரு தனியார் கிளினிக்கின் விளம்பரக் கையேடு. முதல் பக்கத்தில் ஒரு பையன் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிற படம். உள்ளே "குழந்தையின் சொந்த ஸ்டெம் செல்", "ஒரே அமர்வில் கோடிக்கணக்கான செல்கள்" என்றெல்லாம் எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் மூன்று அமர்வுக்கு ஆறு லட்சம் ரூபாய். அதுக்குக் கீழே அக்கா ஒரே ஒரு வரி டைப் பண்ணியிருந்தாங்க: "தம்பி, இது வேலை செய்யுமான்னு பாத்துச் சொல்லு."

அக்கா பையனுக்கு ஏழு வயசு. அவனுக்கு டுஷென் தசைச் சிதைவு நோய் இருக்குன்னு போன வருஷம்தான் உறுதியாச்சு. அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் இதைப் பேசுறேன். பேரு, ஊரு எதுவும் சொல்லப்போறதில்லை.

முதலிலேயே ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்து, பத்தாம் வகுப்போட உயிரியலை விட்டவன். ஆனால் ஒரு சிஸ்டம் ஏன் உடையுது, சரி பண்ணிட்டோம்னு சொல்றவங்க உண்மையிலேயே எதைச் சரி பண்ணியிருக்காங்கன்னு பார்க்கிறதுதான் என் தினசரி வேலை. அந்தப் பழக்கத்தோட ரெண்டு மாசம் படிச்சேன். படிச்சதை அப்படியே உங்களுக்குச் சொல்றேன்.

உடம்பே செய்யும் ரிப்பேர்

நம்ம உடம்பில் 600-க்கும் மேற்பட்ட தசைகள் இருக்கு. உடல் எடையில் கிட்டத்தட்ட 40 சதவீதம் தசைதான். ஒவ்வொரு தசையும் ஆயிரக்கணக்கான நார்களால் ஆனது. ஒரு நார் என்பது ஒரே நீளமான செல். சாதாரண செல்லுக்கு ஒரு நியூக்ளியஸ்தான் இருக்கும். தசை நாருக்கோ நூற்றுக்கணக்கில் இருக்கும். ஏன்னா, கருவில் இருக்கும்போது பல சின்னச் செல்கள் ஒன்றோடொன்று இணைந்துதான் ஒரு நார் உருவாகிறது.

இங்கே ஒரு சிக்கல் வருது. இப்படி இணைந்து முடிந்த நாரின் நியூக்ளியஸ் இனிமேல் பிரிந்து பெருகாது. அப்படின்னா அடிபட்ட தசை எப்படி ஆறுது? ரொம்ப நாள் கழிச்சு ஜிம்முக்குப் போய் ஸ்குவாட் பண்ணிட்டு, மறுநாள் மாடிப்படி இறங்க முடியாம தவிச்சிருப்பீங்க. ஒரு வாரத்தில் சரியாயிடுது இல்லையா? அந்த ரிப்பேரை யார் பண்றது?

1961-இல் அலெக்சாண்டர் மவுரோ என்ற ஆராய்ச்சியாளர் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் தவளையின் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாரின் மேலும் ஒரு மெல்லிய உறை உண்டு. நாருக்கும் அந்த உறைக்கும் நடுவில், ஒட்டிக்கிட்டு, சும்மா படுத்திருக்கிற மாதிரி சில குட்டிச் செல்கள் இருந்தன. நாரைச் சுற்றி ஓரமாக இருப்பதால் அவற்றுக்குச் 'சாட்டிலைட் செல்' என்று பேர் வைத்தார். காயம்பட்ட தசை ஆறுவதில் இவற்றுக்குப் பங்கு இருக்கலாம் என்றும் அப்போதே ஊகித்தார்.

ஊகம் சரிதான். அதுதான் தசையின் ஸ்டெம் செல். வளர்ந்தவர்களின் தசையில் உள்ள நியூக்ளியஸ்களில் சுமார் 2 முதல் 7 சதவீதம்தான் இந்தச் செல்களுடையது. பெரும்பாலான நேரம் தூங்கிக்கிட்டே இருக்கும். நார் கிழிந்தால் உடனே விழிக்கும், பிரியும், பெருகும். பெருகினதில் ஒரு பகுதி ஒன்றுசேர்ந்து புது நாராகும், அல்லது கிழிந்த நாரை ஒட்டுப்போடும். இன்னொரு பகுதி திரும்பவும் அந்த உறைக்குக் கீழே போய்ப் படுத்துக்கும், அடுத்த தடவை தேவைப்படுமேன்னு. விதைநெல்லை எடுத்து வைக்கிற மாதிரிதான். முழுசையும் சமைச்சுச் சாப்பிட்டுட்டா அடுத்த போகத்துக்கு எதை விதைக்கிறது?

பின்னாளில் இந்தச் செல்களை அடையாளம் காட்டும் பாக்ஸ்7 என்ற மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. 2011-இல் சில குழுக்கள் எலிகளில் பாக்ஸ்7 உள்ள செல்களை மட்டும் குறிவைத்து அழித்துவிட்டு, தசையைக் காயப்படுத்திப் பார்த்தார்கள். தசை ஆறவே இல்லை. நார் இருந்த இடத்தைக் கொழுப்பும் தழும்புத் திசுவும் பிடித்துக்கொண்டன. அதாவது, இந்த ரிப்பேருக்கு வேற பேக்கப் கிடையாது.

டுஷென்னில் என்ன உடையுது?

நம்ம தசை நாருக்குள் டிஸ்ட்ரோஃபின் என்று ஒரு புரதம் இருக்கு. நாரின் உள்கட்டமைப்பையும், நாரின் மேல்சவ்வையும், அதற்கு வெளியே உள்ள உறையையும் இழுத்துப் பிடிக்கிற கயிறு மாதிரி அது. தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் சவ்வின் மேல் ஏற்படும் இழுவையைத் தாங்குவது அதன் வேலை.

அதைத் தயாரிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கு. மனித மரபணுக்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. சுமார் 22 லட்சம் எழுத்து நீளம், 79 துண்டுகள். லூயி குங்கெலின் குழு 1980-களின் நடுவில் இதைக் கண்டுபிடித்தது. இதில் ஒரு துண்டு விட்டுப்போய் மீதி வாக்கியமே குழம்பிப்போனால் டிஸ்ட்ரோஃபின் உருவாகாது. அதுதான் டுஷென். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு வரும். பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒருவருக்கு என்று கணக்கு சொல்கிறார்கள்.

கயிறு இல்லாத நாரில், நடக்கும்போதும் படி ஏறும்போதும் சவ்வு கிழியும். கால்சியம் உள்ளே பாயும், நார் சாகும். உடனே சாட்டிலைட் செல்கள் எழுந்து புது நார் கட்டும். ஆனா அந்தச் செல்லுக்குள்ளேயும் அதே பிழையுள்ள மரபணுதான். புது நாரிலும் கயிறு இருக்காது. அதுவும் கிழியும்.

நம்ம ஆட்களுக்கு இதைச் சொல்றது ரொம்ப ஈசி. சர்வர் கிராஷ் ஆகுது. ஆட்டோ ரீஸ்டார்ட் ஆகுது. அதே பக் உள்ள கோடு திரும்ப லோட் ஆகி, திரும்ப கிராஷ் ஆகுது. வித்தியாசம் என்னன்னா, நம்ம சர்வர் ராத்திரி பூரா ரீஸ்டார்ட் ஆகிக்கிட்டே இருக்கும், தசையில் அது நடக்காது. வருஷக்கணக்கில் இழுத்து இழுத்து, ஸ்டெம் செல்களால் ஈடுகொடுக்க முடியாம போகும். அப்புறம் 2011 எலிகளில் பார்த்த அதே கதைதான், கொழுப்பும் தழும்பும்.

அக்கா பையன் தரையிலிருந்து எழுந்திருக்கும்போது கையைத் தன் முழங்காலில் ஊன்றி, அப்புறம் தொடையில் ஊன்றி, தன் மேலேயே ஏறுகிற மாதிரி எழுவான். நாங்க எல்லாரும் அது அவன் ஸ்டைல்னு நெனச்சுச் சிரிச்சிருக்கோம். அது டாக்டர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கிற அறிகுறி. கவர்ஸ் அடையாளம்னு அதுக்குப் பேரு.

அப்போ நல்ல செல்லை ஊசியில் ஏத்தினா?

இதைத்தான் எல்லாரும் முதலில் யோசிப்பாங்க. நானும் யோசிச்சேன். பிழை இல்லாத ஒருவரின் தசையிலிருந்து செல்லை எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, இவனுக்குப் போட்டால்? அந்தச் செல்கள் இவன் நாரோடு இணையும், அவற்றின் நல்ல மரபணு டிஸ்ட்ரோஃபினைத் தயாரிக்கும்.

1989-இல் லண்டனில் டெரன்ஸ் பார்ட்ரிட்ஜ் குழு இதை எலியில் செய்து காட்டியது. டிஸ்ட்ரோஃபின் இல்லாத எலியின் தசையில் நல்ல செல்களைச் செலுத்தியதும் அந்த நார்களில் டிஸ்ட்ரோஃபின் தெரிந்தது. உலகம் முழுக்க நம்பிக்கை பொங்கியது. சில வருஷங்களிலேயே பல நாடுகளில் பையன்களுக்குச் செய்து பார்த்தார்கள்.

அவற்றில் 1995-இல் வெளியான ஜெர்ரி மெண்டெல் குழுவின் ஆய்வை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். 12 பையன்கள். செல் கொடுத்தவர்கள் அவர்களின் அப்பா அல்லது சகோதரர்கள். மாதம் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் 11 கோடி செல்கள், ஆறு மாதம், ஒரு கையின் புஜத் தசையில். அடுத்த கையில் செல் இல்லாத வெறும் திரவம். எந்தக் கையில் எது என்று பையனுக்கும் தெரியாது, அவன் பலத்தை அளந்தவருக்கும் தெரியாது.

ஆறு மாதம் கழித்து இரண்டு கைகளின் பலத்திலும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை.

அந்த அடுத்த கை எவ்வளவு முக்கியம்னு பாருங்க. அது இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்? டுஷென் உள்ள பையன்கள் ஆறு, ஏழு வயசு வரைக்கும் ஓரளவு முன்னேறுவாங்க. நோய் அரிப்பதைவிட வளர்ச்சி வேகமாக இருக்கும் வயசு அது. அந்த வயசில் எந்த ஊசி போட்டாலும், ஊசியே போடலைன்னாலும், "முன்னைவிட நல்லா நடக்கிறான்"னு பெத்தவங்களுக்குத் தோணும். அவங்க பொய் சொல்லலை, நிஜமாவே அப்படித்தான் தெரியும். கையேட்டில் இருந்த "பெற்றோர் அனுபவங்கள்" பக்கத்தை இதுக்கப்புறம் என்னால் பழைய மாதிரி படிக்க முடியலை.

ஏன் தோத்துப்போச்சு? பெருமளவு செல்கள் ஊசி போட்ட முதல் சில நாட்களிலேயே செத்துப்போகும். பிழைத்தவை ஊசி போன பாதையை விட்டு அதிக தூரம் நகராது. மிச்சத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்நியன் என்று தாக்கும். ஒரு புஜத்துக்கே இந்த நிலைமைன்னா, 600 தசை, கூடவே இதயம், மூச்சுவிட உதவும் உதரவிதானம் எல்லாத்துக்கும் எத்தனை ஊசி போடுறது?

நேர்மையாக இன்னொரு பக்கமும் சொல்லணும். வேறொரு தசை நோயில் இதே வழி கொஞ்சம் கைகொடுத்திருக்கு. தொண்டைத் தசையும் இமைத் தசையும் பலவீனமாகும் ஒரு நோய். பாரிஸில் 12 பேருக்கு, அவர்களின் பாதிக்கப்படாத தசையிலிருந்தே செல் எடுத்துப் பெருக்கித் தொண்டைத் தசையில் போட்டார்கள். 2014-இல் வெளியான முடிவின்படி, 10 பேருக்கு விழுங்கும் திறன் மேலும் மோசமாகவில்லை. அங்கே தசை சின்னது, இடம் ஒண்ணு, செல்லும் சொந்தச் செல். டுஷென்னில் இந்த மூணு வசதியும் இல்லை.

ஏழு செல்லும் பதினோரு கோடி செல்லும்

இப்போ நான் படிச்சதிலேயே என்னைத் தூக்கிவாரிப்போட்ட விஷயத்துக்கு வர்றேன்.

2005-இல் வெளியான ஒரு ஆய்வில், ஆராய்ச்சியாளர்கள் செல்லைத் தனியாகப் பிரித்துப் பெருக்கவில்லை. எலியின் ஒரே ஒரு தசை நாரை, அதன் மேல் ஒட்டியிருக்கும் சாட்டிலைட் செல்களோடு அப்படியே எடுத்து, இன்னொரு எலியின் காயப்பட்ட தசையில் வைத்தார்கள். அந்த நாரில் இருந்தது ஏழு செல் அளவுதான். அந்த ஏழிலிருந்து 100-க்கும் மேற்பட்ட புது நார்கள் வளர்ந்தன. புது சாட்டிலைட் செல்களும் உருவாகி, அடுத்த காயத்துக்குத் தயாராகப் படுத்துக்கொண்டன.

மனுஷன் வேற, எலி வேறதான். ஆனாலும் ஏழு செல் செய்ததை மாதம் 11 கோடி செல் ஏன் செய்யலை? ஒரே வகைச் செல்தானே?

ஒரே வகையாக இருந்தது, பிரித்து எடுக்கிற வரைக்கும்தான். உறைக்குக் கீழே இருந்து பிய்த்து, ஆய்வகத் தட்டில் போட்டதும் சாட்டிலைட் செல் "ஓ, காயம் பட்டுடுச்சு போல"ன்னு விழித்துக்கும். பெருக ஆரம்பிக்கும். பெருகும்போதே ஸ்டெம் செல்லுக்கான குணத்தை இழந்து, தசையாக மாறும் பாதையில் பாதி தூரம் போயிடும். விதைநெல்லாக இருந்தது ஊறவெச்ச அரிசியாயிடும். அதை எத்தனை மூட்டை கொண்டுபோய் வயலில் கொட்டினாலும் முளைக்காது.

2010-இல் ஸ்டான்ஃபோர்டில் ஹெலன் பிளாவின் ஆய்வகத்தில் பென்னி கில்பர்ட்டும் மற்றவர்களும் ஒரு எளிமையான கேள்வி கேட்டார்கள். தட்டு எதனால் ஆனது? கடினமான பிளாஸ்டிக். தசையோ மிருதுவானது, அதன் விறைப்பு சுமார் 12 கிலோபாஸ்கல். பிளாஸ்டிக் அதைவிட லட்சம் மடங்குக்கு மேல் விறைப்பு. அதனால் தசை அளவுக்கே மிருதுவான ஒரு ஜெல்லைத் தயாரித்து, அதன் மேல் எலியின் சாட்டிலைட் செல்களை வளர்த்தார்கள். பிளாஸ்டிக்கில் வளர்ந்தவை எலிக்குள் போனதும் கிட்டத்தட்ட பயனில்லாமல் போயின. மிருதுவான ஜெல்லில் வளர்ந்தவை ஸ்டெம் செல் குணத்தைத் தக்கவைத்து, தசைக்குள் குடியேறி வேலை செய்தன. செல்லும் அதேதான், ஊட்டமும் அதேதான். மாத்தினது படுக்கையை மட்டும்தான்.

இதுதான் ரெண்டு மாசப் படிப்பில் எனக்குக் கிடைச்ச சாரம். ஸ்டெம் செல் மாத்திரை மாதிரி எண்ணிக் கொடுக்கிற மருந்து கிடையாது. அது இருக்கிற இடம், அந்த இடத்தின் விறைப்பு, பக்கத்தில் இருக்கும் நார், வந்துபோகும் ரத்த செல், எல்லாம் சேர்ந்துதான் அதை ஸ்டெம் செல்லாக வைத்திருக்கு. அதனால் "கோடிக்கணக்கான செல்கள்" என்று யாராவது பெருமையாகச் சொன்னா, அந்த எண்ணை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

ஆய்வகத்தில் தசை கட்டுபவர்கள்

சரி, செல்லுக்கு வீடு வேணும்னா வீட்டையும் சேர்த்தே கட்டிட்டா? அதைத்தான் திசுப் பொறியியல் என்கிறார்கள். வீடு கட்டும்போது சாரம் கட்டுவோம் இல்லையா, அது மாதிரி முதலில் ஒரு மிருதுவான ஜெல் சாரம். அதில் தசை செல்களைக் கலந்து, இரண்டு முனையிலும் பிடிமானம் கொடுத்து, லேசான இழுவையில் விடுவார்கள். நம்ம தசை எலும்புகளுக்கு நடுவில் இழுபட்டு இருக்கிற மாதிரி. அந்த இழுவையில் செல்கள் ஒரே திசையில் வரிசையாகி, இணைந்து நாராகும்.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் நேனாட் பர்சாக் குழு இதில் முன்னணியில் இருக்கு. 2014-இல் அவர்கள் எலிச் செல்களிலிருந்து கட்டிய தசையில் சாட்டிலைட் செல்களும் தங்களுக்கான இடத்தில் உட்கார்ந்திருந்தன. நாகப்பாம்பு விஷத்தில் இருந்து எடுத்த, தசையை அழிக்கும் நச்சை ஊற்றினார்கள். ஆய்வகத்தில் கட்டிய அந்தத் தசை தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கொண்டது. 2015-இல் மனிதச் செல்களிலிருந்து, மின்தூண்டலுக்குச் சுருங்கி விரியும் தசையைக் கட்டினார்கள். 2018-இல் ஐபிஎஸ் செல்களிலிருந்தே கட்டினார்கள். ஐபிஎஸ் என்பது தோல் போன்ற சாதாரண செல்லை ஆரம்ப நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் முறை. ஷின்யா யமனாகா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதச் செல்லிலும் செய்து காட்டி, 2012-இல் நோபல் பரிசு வாங்கினார்.

கேட்க பிரமாதமா இருக்கு. ஆனா அந்தத் தசையின் அளவு ரொம்பச் சின்னது. காரணம், ஆக்சிஜன். ரத்தக்குழாய் இல்லாத திசுவில் ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு தூரம்தான் ஊடுருவும். அதைவிடத் தடிமனாகக் கட்டினால் நடுவில் இருக்கும் செல்கள் மூச்சுத்திணறிச் சாகும். ரத்தக்குழாய் வேணும், நரம்பு வந்து இணையணும். அதனால் இன்றைக்கு இந்தத் தசைகளின் பெரிய பயன் மருந்துப் பரிசோதனைதான். நோயாளியின் செல்லிலிருந்தே ஒரு குட்டித் தசையைக் கட்டி, அதில் மருந்தைப் போட்டுப் பார்க்கலாம். யாருக்கும் பொருத்துவதற்கான தசை இன்னும் தயாராகலை.

கையேட்டுக்குத் திரும்புவோம்

இவ்வளவும் படிச்சிட்டு அந்தப் பிடிஎஃபைத் திரும்பத் திறந்தேன். அவங்க செய்யப்போறதா சொன்னது இது: பையனின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதில் உள்ள ஸ்டெம் செல்லைப் பிரித்து, முதுகுத்தண்டு வழியாகச் செலுத்துவது.

முதல் கேள்வி: அது அவன் சொந்தச் செல். அதுக்குள்ளும் அதே பிழை. விளம்பரத்தில் "சொந்தச் செல், அதனால் நிராகரிப்பு இல்லை"ன்னு பெருமையாப் போட்டிருந்தாங்க. அந்தச் சொந்தம்தானே இங்கே பிரச்சினையே!

இரண்டாவது: மஜ்ஜையின் ஸ்டெம் செல் ரத்தம் தயாரிப்பது. ரத்தப் புற்றுநோயில் மஜ்ஜை மாற்று சிகிச்சை வேலை செய்யுது, ஏன்னா அங்கே தேவை ரத்தம். அது தசையாகுமா? இதற்கு ஒரு பதில் மருத்துவ வரலாற்றிலேயே இருக்கு. ஒரு பையனுக்கு ஒரு வயதில், வேறொரு எதிர்ப்புச் சக்திக் குறைபாட்டுக்காக, ஆரோக்கியமான ஒருவரின் மஜ்ஜையைப் பொருத்தியிருந்தார்கள். 12 வயதில் அவனுக்கு டுஷென் இருப்பது தெரியவந்தது. மாற்று மஜ்ஜை பத்து வருஷத்துக்கு மேல் உடம்பில் இருந்த பிறகு அவன் தசையைச் சோதித்தபோது, கொடையாளரின் நியூக்ளியஸ் இருந்தது 0.5 முதல் 0.9 சதவீத நார்களில் மட்டும். 2002-இல் வெளியான ஆய்வு இது. அதுவும் பிழை இல்லாத, அடுத்தவருடைய மஜ்ஜை.

மூன்றாவது: டுஷென்னில் பாதிப்பு தசையில். முதுகுத்தண்டு நீரில் ஊசி போட்டால் செல் எந்த வழியா தொடைக்குப் போகும்?

"செல் தசையாக மாறாது, நல்ல ரசாயனங்களைச் சுரந்து வீக்கத்தைக் குறைக்கும்"னு ஒரு வாதம் உண்டு. அதை அப்படியே தள்ளிவிட முடியாது. கொடையாளர் இதயத்திலிருந்து எடுத்த செல்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் ஏற்றி, அமெரிக்காவில் 20 பேரிடம் முறையாகச் சோதித்தார்கள். அதில் கைகளின் பலம் குறையும் வேகம் மட்டுப்பட்டதாக 2022-இல் வெளியிட்டார்கள். ஆனா அது வேற செல், வேற முறை. ஒரு குழுவுக்கு வெறும் திரவம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு. அதைக் காட்டி இதை விற்க முடியாது.

நம் நாட்டு விதியும் தெளிவாக இருக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சில தேவைகளுக்கான மஜ்ஜை மாற்று தவிர, மற்ற ஸ்டெம் செல் பயன்பாடு எல்லாம் பதிவு செய்த ஆய்வுக்குள் மட்டுமே நடக்கணும். ஆய்வுக்காகச் செய்யும் செலவை அதில் சேருபவர் தலையில் கட்டக்கூடாது.

மாமா கேட்ட கேள்வி

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் உட்கார்ந்து சொன்னேன். அக்கா புருஷன், மாமா, முழுசா கேட்டார். ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டியிருந்தார். ஊரில் இருக்கிற மனையை விற்கப் பேசியும் வெச்சிருந்தார். கடைசியில் சொன்னார்: "நீ சொல்றது எல்லாம் சரிப்பா. வேலை செய்யலைன்னா பணம்தானே போகும்? செய்யாம விட்டா எனக்குக் காலம் பூரா உறுத்தும்."

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை.

மாமாவை யோசிக்க வெச்சது நான் இல்லை. அடுத்த வாரம் அரசு மருத்துவமனை நரம்பியல் டாக்டர்கிட்ட கையேட்டை எடுத்துட்டுப் போனோம். அவர் செல்லைப் பத்திப் பேசவே இல்லை. "மஜ்ஜை எடுக்க மயக்க மருந்து கொடுப்பாங்களே, எது கொடுப்பாங்கன்னு கேட்டீங்களா?"ன்னார். டுஷென் பையன்களுக்குச் சில மயக்க மருந்துகளும், தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலினும் ஆபத்து. தசை சிதைந்து, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயமே நின்றுபோகலாம். மாமா வெளியே வந்து கிளினிக்குக்கு போன் போட்டார். மூணு கேள்வி கேட்டார். எந்த மயக்க மருந்து? இந்த ஆய்வு அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கா, பதிவு எண் என்ன? இதுவரை செய்தவர்களில் ஒப்பீட்டுக் குழு இருந்ததா? எதிர்முனையில் பேசினவங்க, "சார், நீங்க பாசிட்டிவா இருக்கணும்"னாங்க. அட்வான்ஸ் இன்னும் திரும்பி வரலை.

ஸ்டெம் செல் ஊசி இல்லைன்னா கைவசம் ஒண்ணுமே இல்லைன்னு நினைக்காதீங்க. ஸ்டீராய்டு மாத்திரை நடக்கும் காலத்தை நீட்டிக்கும். எடையையும் எலும்பையும் கண்காணிச்சுத்தான் கொடுக்கணும். தினமும் கணுக்காலை நீட்டிவிடும் பயிற்சி, ராத்திரியில் கட்டும் ஸ்பிளின்ட், வருஷா வருஷம் எக்கோ, நுரையீரல் சோதனை, இதெல்லாம் சேர்ந்து இந்தப் பையன்களின் ஆயுளைக் கடந்த சில பத்தாண்டுகளில் நிஜமாகவே கூட்டியிருக்கு. மரபணு அறிக்கையைப் பத்திரமாக வெச்சுக்கோங்க. 79 துண்டில் எது விட்டுப்போயிருக்கு என்பதைப் பொறுத்துத்தான் சில மருந்துகளும் ஆய்வுகளும் பொருந்தும்.

இதே மாதிரி ஒரு கையேடு உங்க கைக்கு வந்தா, அந்த மூணு கேள்வியை எழுதி எடுத்துட்டுப் போங்க. பதிலை வாய்வார்த்தையா வாங்காதீங்க, எழுத்தில் கேளுங்க. உங்க குழந்தையைப் பார்க்கிற நரம்பியல் டாக்டரிடம் காட்டாம எதிலும் கையெழுத்துப் போடாதீங்க.

இப்போ அக்கா வீட்டில் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அரை மணி நேரம் பயிற்சி. மாமாதான் காலைப் பிடிச்சு நீட்டிவிடுறார். பையன் நம்ம பாட்காஸ்டை அந்த நேரத்தில் கேட்கிறானாம், பாதி புரியலைன்னும் புகார் சொல்றான். அடுத்த வாரம் அவன் கேட்ட கேள்விதான் எபிசோடு: விண்வெளியில் இருக்கிறவங்களுக்குக் கால் தசை ஏன் சுருங்குது? உங்க கேள்விகளையும் வழக்கம்போல மெயிலில் அனுப்புங்க. பார்ப்போம், மக்களே.